எந்த வாசல் வழியாக? ஒரு கடைமடைச் சத்திரம் அருங்காட்சியகமாகப் புதுப்பிக்கப்பட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் போட வேண்டாம் என்று அறங்காவலர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கே எல்லோரும் அவரவர் வேலையின் பெயரால் வருகிறார்கள். இதை எழுதும் நான் புதுப்பிப்பு வேலையை வடிவமைத்த குழுவில் இருந்தவன்.

தஞ்சை மராட்டியர் ஆட்சியில் யாத்திரைப் பாதைகளில் சத்திரங்கள் நிறைய எழுந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் பலருக்கும் தெரிந்திருக்கும். அரசர்கள் கட்டியவை போக, வசதியுள்ள குடும்பங்கள் கட்டியவையும் உண்டு. நாங்கள் வேலை பார்த்தது அப்படி ஒரு குடும்பச் சத்திரத்தில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யம், கோடியக்கரை போய்க் கடலாடுகிறவர்கள் வழியில் தங்கிச் சாப்பிட்டுப் போவதற்காகக் கட்டியது.

முன்னால் தெருவைப் பார்த்த நீளத் திண்ணை, அடுத்து ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு, கொல்லை, கொல்லைக்கு அப்பால் குளம். முன்கட்டுக்கு மேல் ஒரு மாடி. அதன் கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய தளம். பின்கட்டுக்கு நாட்டு ஓடு. யாத்திரைக்காரர்கள் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் சத்திரம் காலியானது. அப்புறம் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம், கொஞ்ச காலம் நெல் குடோன். 1980-களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பொருள்களை வைத்து இதை அருங்காட்சியகமாக்கினார். ஏர், பரம்பு, இறைகூடை, மரக்கால், படி, உழக்கு, செப்புப் பாத்திரங்கள், ஓலைச்சுவடிகள், பானை ஓடுகள். பெரிய நகரத்து அருங்காட்சியகத்தில் இவற்றுக்கு ஒரு மூலைதான் கிடைக்கும். இங்கே இவைதான் எல்லாமே.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பின்கட்டு ஓடுகள் பறந்தன, மாடியில் தண்ணீர் இறங்கியது. பொருள்களைச் சாக்கில் கட்டி ஒரு அறையில் அடுக்கிப் பூட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் பணம் தர முன்வரும்வரை அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

முதலில் பார்த்தவை

கட்டடத்தைப் பார்க்கப் போனபோது எல்லோரும் கூரையைத்தான் காட்டினார்கள். புயல் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சுவர்களின் நிலைமை புயலுக்கு முந்தியது. கீழ்ப்பகுதியில் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து நின்றது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்ற சத்தம். பெயர்ந்த இடங்களில் செங்கல் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

காரணம் மூன்று. ஒன்று, தெரு. சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அதற்குள் இங்கே திண்ணைப் படிகளில் சில புதைந்துவிட்டன. கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று அடி உயர்ந்து நின்ற திண்ணை, இப்போது இரண்டு அடிதான். மழைத் தண்ணீர் தெருவிலிருந்து கட்டடத்தை நோக்கி ஓடி வந்தது.

இரண்டு, குளம். அதன் வடிகால் குப்பையாலும் ஒரு கொட்டகையாலும் அடைபட்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரம்பினால் தண்ணீர் போக வழியில்லாமல் அஸ்திவாரத்தை ஒட்டியே வாரக்கணக்கில் நிற்கும்.

மூன்று, சிமென்ட். ஈரம் ஏறுகிறதே என்று முன்பு ஒருமுறை நல்லெண்ணத்தோடு மார்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதற்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்தது. தரை வழியாகவும் போக முடியாத ஈரம் சுவருக்குள் திரும்பி, சிமென்ட் எங்கே முடிகிறதோ அதற்கு மேல் போய் வெளியேறியது. கடலோரத்து நிலத்தடி நீர் என்பதால் கூடவே உப்பையும் ஏற்றிக்கொண்டு போனது. டெல்டாவில் பழைய வீடு வைத்திருக்கும் பலர் ‘ஓதம்’ என்று சலித்துக்கொள்வதில் பாதி இந்தக் கதைதான்.

பணம் வந்த வரிசையும் வேலை நடந்த வரிசையும்

நன்கொடையாளர் அனுப்பிய பட்டியலில் ஏ.சி. கூடம், தொடுதிரைகள், வண்ண விளக்குகள், ஆத்தங்குடி டைல்ஸ் தரை, வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு இடம். அடுத்த பொங்கலுக்குத் திறப்பு விழா. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடிகாலுக்குப் பணம் கொடுத்தேன் என்று யாரும் கல்வெட்டு வைத்துக்கொள்வதில்லை.

நாங்கள் சொன்ன வரிசை வேறு: முதலில் தண்ணீர், அப்புறம் கூரை, அப்புறம் சுவர், அதன் பிறகு ஒரு முழு மழைக்காலம் சும்மா இருந்து கவனிப்பது, கடைசியில்தான் காட்சிப்பொருள். இந்தப் பகுதியின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வருகிறது. அதைப் பார்க்காமல் ஓலைச்சுவடியைச் சுவர் ஓரம் வைக்க எங்களுக்குத் துணிவில்லை. பொங்கலுக்குத் திறப்பு கிடையாது என்று ஆனதும் நன்கொடையாளர் இரண்டாம் தவணையை நிறுத்தி வைத்தார். அறங்காவலர்களில் ஒருவர் அவரிடம் வீடியோ அழைப்பில் பேசி, கைப்பேசியைச் சுவரருகே கொண்டுபோய்ச் சிமென்ட் பூச்சை விரலால் உரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு பணம் வந்தது. நாங்கள் அனுப்பிய அறிக்கையை அவர் படித்தாரா என்று தெரியவில்லை.

ஏ.சி. வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. பகலில் ஓடி இரவில் நிற்கும் ஏ.சி. பழைய பொருள்களுக்குப் புழுக்கத்தைவிடக் கெடுதல். ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கினால் மரம் விரிந்து சுருங்கும், ஓலை வெடிக்கும், குளிர்ந்த உலோகத்தில் நீர் வியர்க்கும். மின்தடை வந்தால் இன்னும் மோசம். முற்றமும் எதிரெதிர் ஜன்னல்களும் உள்ள கட்டடம் இது. காற்று வரும் வழிகளை அடைத்திருந்த பிளைவுட் தடுப்புகளை எடுத்தாலே போதும் என்று பட்டது. எடுத்தோம், போதுமாக இருந்தது. செம்பு, வெண்கலம் போன்றவற்றுக்கு மட்டும் காற்றுப் புகாத பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்.

ஆத்தங்குடி டைல்ஸ் அழகானதுதான். ஆனால் அதுவும் சிமென்டில் செய்வது, போதாக்குறைக்குச் செட்டிநாட்டுச் சரக்கு. ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்தபோது கீழே பழைய சுட்ட சதுர ஓடுகள் பாதிக்கு மேல் நல்ல நிலையில் கிடைத்தன. உடைந்தவற்றுக்கு மட்டும் புதிதாகச் சுட்டு வாங்கினோம்.

தண்ணீர், கூரை, சுவர்

குளத்து வேலையைக் கோடையில் எடுத்தோம். கொட்டகைக்காரர் தன் கொட்டகையைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை, அதற்கு அடியில் குழாய் பதிக்கச் சம்மதித்தார். அது போதும். திண்ணை ஓரமாகக் கருங்கல் பாவிய ஒரு சிறு ஓடை வெட்டி, தெருத் தண்ணீரைப் பக்கச் சந்து வழியாகக் குளத்துக்குத் திருப்பினோம்.

தூர் வாரும்போது சிறிய வெண்கலச் சிலை ஒன்று அகப்பட்டது. ஊரில் ஒரே ஆரவாரம். ‘நம்ம மியூசியத்துலயே வச்சுக்கலாம்’ என்றார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பதை ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்குத் தகவல் போனது, சிலையும் போனது. அந்தக் கோபம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அதே சமயத்தில், வீடுகளிலிருந்து நன்கொடையாக வந்த பழைய பொருள்களையும் ஒழுங்குபடுத்தினோம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருள் என்கிறது, கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு. அவற்றில் எவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று பார்த்து முடிக்கவே பல மாதம் ஆனது. பொருள்களைச் சேர்த்த ஆசிரியர் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் எது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதே தெரிந்திருக்காது.

மாடிக் கூரையைப் பிரித்தபோது தேக்குச் சட்டங்கள் நடுவில் உறுதியாக இருந்தன, சுவருக்குள் செருகிய முனைகள் மட்டும் உளுத்திருந்தன. முனைகளை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டு, செங்கலை நெட்டுக்குத்தாகப் பாவி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டோம். இந்தத் தளத்தைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். கடைமடையில் சம்பா அறுவடை முடியாமல் ஆள் கிடைக்காது. அதனால் வேலை அட்டவணையை ஒப்பந்தக்காரரின் வசதிக்கு வைக்காமல் வயலின் வசதிக்கு வைத்தோம். மாசிக் கடைசியில் அறுப்பு ஓய்ந்ததும் பெண்கள் வந்தார்கள். தலைமைக் கொத்தனார் எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் அப்பாவோடு சுண்ணாம்பு வேலைக்குப் போனவர், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சிமென்ட். ‘கை மறக்கல, மூக்குதான் மறந்துபோச்சு’ என்றார். சுண்ணாம்பு பக்குவமாக நீறியதா என்பதை வாசனையில் பார்ப்பாராம். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்ட பிறகுதான் அவர் கரணையைத் தொட்டார்.

சுவரில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தோம். செங்கல்லுக்குள் தங்கியிருந்த உப்பை எடுக்க, நனைத்த காகிதக் கூழை அப்பி, அது காய்ந்து உதிர்ந்ததும் மறுபடி அப்பினோம். முதல் சுண்ணாம்புப் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டு கெட்டுப்போவதற்கென்றே பூசுவது. கெட்டதும் அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். இதை அறங்காவலர்களுக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது. கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஒரு வேலைக்குக் கூலி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

சாய்தளத்தை எங்கே வைப்பது?

இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. முன்வாசலில் இரண்டு அடி உயரம், ஆக 24 அடி நீளமும் திரும்ப இடமும் வேண்டும். கொல்லைப்புறத்தில் நிலமே மேடு. பின்வாசல் நிலைப்படிக்கு அரை அடிதான் வித்தியாசம், ஆறு அடிச் சரிவு போதும். செலவு குறைவு, முகப்பின் தோற்றமும் கெடாது. எங்கள் முதல் வரைபடத்தில் சாய்தளம் பின்வாசலில் இருந்தது. பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த யாரும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

வரைபடத்தை முற்றத்தில் விரித்து ஊர்க்கூட்டம் வைத்தோம். அறங்காவலர் தெருவும் கடைத்தெருவும் வந்தன, குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள காலனியிலிருந்து யாரும் வரவில்லை. சுய உதவிக் குழுப் பெண் ஒருவர், ‘அவங்க இங்க வர மாட்டாங்க சார், நீங்கதான் அங்க போகணும்’ என்றார். அடுத்த கூட்டத்தைக் காலனியில் வேப்பமரத்தடியில் வைத்தோம். அங்கே ஒரு பெரியவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘தம்பி, எங்க பாட்டன அந்தக் கொல்ல வாசல்ல நிக்க வச்சுத்தான் மிச்சம் மீதிய ஊத்துவாங்க. எனக்கு இப்ப முட்டி வலி, படி ஏற முடியாது. அப்ப நானும் அந்த வாசலாத்தான் வரணுமா?’

அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. சத்திரத்தில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்கு எந்த வாசல் என்பது அறங்காவலர் குடும்பத்துக்கும் தெரிந்த செய்திதான். அன்னதானம் என்று பெருமையோடு சொல்லும்போது அந்த வரியை விட்டுவிடுவது வழக்கம்.

சாய்தளத்தை முன்பக்கம் கொண்டுவர முடிவு செய்தோம். எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. முகப்பு கெடும் என்றது எங்கள் குழுவிலேயே ஒரு குரல். செலவு கூடுகிறது, அந்தக் காலத்துப் பேச்சை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றார் ஓர் அறங்காவலர். செலவைக் குறைத்தது, வேடிக்கையாக, அந்தத் தெருதான். சாலை மேடாகாமல் மூன்று அடி உயரம் அப்படியே இருந்திருந்தால் 36 அடி தேவைப்பட்டிருக்கும், சந்தில் இடமே இருந்திருக்காது. 24 அடியைப் பக்கச் சுவரை ஒட்டி எழுப்பி, ஒரு திருப்பத்தோடு திண்ணையின் ஓரத்தில் கொண்டுவந்து சேர்த்தோம். இரும்புச் சட்டத்தின்மேல் கல் பலகை, இரண்டு பக்கமும் கைப்பிடி. பழைய சுவரில் ஆணி அடிக்கவில்லை. பிற்காலத்தில் யாராவது கழற்ற நினைத்தால் அடையாளமில்லாமல் கழற்றலாம். உயரமான நிலைப்படியில் சக்கரம் ஏறி இறங்க உள்ளும் புறமும் சரிவான மர ஆப்புகள்.

பின்வாசலை மூடவில்லை. அதன் பக்கத்தில், அந்த வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று நாலு வரியில் எழுதி வைத்தோம். அந்த நாலு வரிக்கு நடந்த விவாதம் கூரை வேலைக்கு நடந்ததைவிட நீளம். ‘நிறுத்தப்பட்டார்கள்’ என்பதற்குப் பதில் ‘நின்றார்கள்’ என்று மாற்றக் கேட்டார்கள். மாற்றவில்லை.

மரக்கால்கள்

ஆசிரியரின் பழைய காட்சியில் எல்லா மரக்கால்களும் ஒரே அலமாரியில் வரிசையாக நின்றன. அட்டையில் ‘முகத்தலளவைக் கருவிகள்’ என்று இருந்தது. பொருள்களைச் சுத்தம் செய்ய வந்த காலனிப் பெண்களில் மூத்தவர் இரண்டு மரக்கால்களைத் தனியே எடுத்து வைத்தார். பார்க்க ஒன்றுபோல இருந்தன. நெல் போட்டு அளந்து காட்டினார். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. ‘குத்தக வாங்கறதுக்கு இது, கூலி அளக்கறதுக்கு அது’ என்றார். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று ஆசிரியரின் நோட்டில் இருந்தது.

கீழத்தஞ்சையில் கூலி என்றால் நெல். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டங்களும், 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் இந்த மண்ணில் நடந்தவை. ஏரையும் பரம்பையும் மினுக்கி வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது உழவு அருங்காட்சியகம் ஆகாது. இரண்டு மரக்கால்களையும் கூடத்தின் நடுவில், கண்ணாடி இல்லாமல், ஒரு கூடை நெல்லோடு வைத்தோம். யாரும் அளந்து பார்க்கலாம். தொடுதிரைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம், அந்த மூத்தவரும் மற்றவர்களும் பேசியதை ஒலிப்பதிவு செய்யப் போனது. எந்த வீட்டு மரக்கால் என்பதை எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்தோடு செய்துகொண்ட உடன்பாடு. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் பொருள் கைவிட்டுப் போவதைவிட இது மேல்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு சிறு விஷயம். செப்புப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்க எல்லோருக்கும் ஆசை. ஒரு குத்துவிளக்கு எங்கள் கண்ணில் படுவதற்குள் அப்படிப் பளபளத்துவிட்டது. நூறு வருஷம் படிந்த நிறம் ஒரு காலையில் போய்விட்டது. மற்றவற்றை மென்தூரிகையோடு நிறுத்தினோம். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய், 50 லக்ஸுக்கு மேல் போகாத வெளிச்சம், மூட்டைகளில் வசம்பு.

1930 பற்றிய பலகை

ராஜாஜி 1930 ஏப்ரல் 13-இல் ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடந்தார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுக்கக் கூடாது என்று அப்போதைய தஞ்சை ஆட்சியர் தார்ன் தடை போட்டிருந்தார். அவர்களில் சிலர் இந்தச் சத்திரத்தில் ஓரிரவு தங்கினார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. வாசலிலேயே பெரிய பலகை வைக்க வேண்டும் என்றார்கள்.

சத்திரத்துக் கணக்குப் புத்தகங்களில் தேடினோம். அந்த ஆண்டுக் கணக்கு கிடைக்கவில்லை. தடையை மீறிச் சோறு போட்டிருந்தால் கணக்கில் எழுதியிருக்கவும் மாட்டார்கள் என்றார் அறங்காவலர். அதுவும் நியாயந்தான். கடைசியில் பலகை வந்தது, ரேழியில், சிறியதாக: யாத்திரை இந்தப் பக்கம் வந்தது என்பது வரலாறு, இங்கே தங்கினார்கள் என்பது ஊரார் சொல்வது, எழுத்துச் சான்று கிடைத்தால் கொண்டுவந்து கொடுங்கள். இதுவரை யாரும் கொண்டுவரவில்லை. ஆனால் பழைய கடிதங்கள், பத்திரங்கள் என்று வேறு சில வந்திருக்கின்றன.

மழைக்காலமும் திறப்பும்

வேலை முடிந்த பிறகு வந்த ஐப்பசி மழையில் கட்டடம் காலியாக நின்றது. கிழக்குச் சுவரின் அடியில் ஒரு இடம் மட்டும் நனைந்தது. மேலிருந்து இறங்கும் மழைக்குழாயின் வாய் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததுதான் காரணம், திருப்பி வைத்ததும் சரியானது. பொருள்களை முன்பே வைத்திருந்தால் சுவடி அலமாரி அந்தச் சுவரில்தான் இருந்திருக்கும். முதல் சுண்ணாம்புப் பூச்சு எதிர்பார்த்தபடியே கெட்டது. எடுத்துவிட்டு, வெயில் வந்ததும் அடுத்ததைப் பூசினோம்.

திறந்த பிறகு அதிகம் பயன்படுவது திண்ணை. முன்பு போட்டிருந்த இரும்புக் கிராதியை எடுத்துவிட்டதால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், ரேஷன் கடைக்கு வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் உட்காருகிறார்கள். உட்காருகிறவர்களில் கொஞ்சப் பேர் உள்ளேயும் வருகிறார்கள். தாழ்வாரத்தில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், வாரத்தில் ஒருநாள் சுய உதவிக் குழுக் கூட்டம், ஒருநாள் நாகசுரமும் தவிலும் பயிற்சி. தவில் சத்தத்தில் பெட்டிக் கண்ணாடிகள் அதிர்கின்றன என்று புகார் வந்தது, பயிற்சியைச் சமையற்கட்டுக்கு மாற்றினோம். பார்த்துக்கொள்ள ஊரிலிருந்தே இரண்டு பெண்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள், ஒருவர் காலனியைச் சேர்ந்தவர்.

சமையலும் விளக்கும் உள்ளே கூடாது என்பது விதி. கார்த்திகைக்குத் திண்ணையோடு சரி. அறங்காவலர் ஒருவரின் உறவினர் வளைகாப்புக்கு முற்றத்தைக் கேட்டார், சமையல் வெளியே என்றால் சம்மதம் என்றோம். அவர் கோபித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அடுத்த மாதம் காலனியிலிருந்து ஒரு வளைகாப்பு அதே விதியோடு முற்றத்தில் நடந்தது. அதற்கு அறங்காவலர் குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்திருந்தார்.

சாய்தளம் பற்றிக் கேட்ட பெரியவர் திறப்பு நாளன்று வரவில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் வந்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி, மரக்கால் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

இதே போன்ற வேலையை வேறு ஊரில் எடுத்தால் வரைபடம் போடும் முன்பே எல்லாத் தெருக்களிலும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கச் சொல்வேன். இங்கே அது வரைபடத்துக்குப் பிறகு நடந்ததால் சாய்தளத்துக்கு இரண்டு முறை கணக்குப் போட வேண்டி வந்தது. நன்கொடை ஒப்பந்தத்தில் மழைக்காலக் காத்திருப்பை எழுத்தில் சேர்க்க வேண்டும், தவணைகளை அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். பராமரிப்புக்குத் தனி நிதி இல்லாமல் தொடங்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவருக்கு அவ்வப்போது வெள்ளையடித்தாக வேண்டும், ஓடைகளை ஒவ்வொரு ஆவணியிலும் தூர் எடுக்க வேண்டும், இதற்கெல்லாம் கல்வெட்டு வைக்கும் நன்கொடையாளர் கிடைக்க மாட்டார். இப்போதைக்கு முற்றத்து வாடகையும் ஊர்ச் சந்தாவும் அதைத் தாங்குகின்றன.

கொத்தனாரிடம் வேலை கற்ற இளைஞர்கள் இரண்டு பேர். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். மற்றவர் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்திருக்கிறார். கற்றுக்கொடுக்கும் கூலியை மதிப்பீட்டில் தனியாகக் காட்டியிருந்தால் இன்னும் சிலரைச் சேர்த்திருக்கலாம்.

மாடியைப் பொதுமக்களுக்கு இன்னும் திறக்கவில்லை. படிக்கட்டு குறுகலானது, கூட்டம் ஏறினால் பழைய சட்டங்கள் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அது கிடங்கு. அடுத்த அறுவடை முடிந்து ஆள் கிடைத்ததும் அந்த வேலை.